லேப்காரர் மகள் போட்ட டிக்

விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டம். ஒன்றின் பக்கத்தில் 'கலை இளநிலை' என்றும் மற்றதன் பக்கத்தில் 'அறிவியல் இளநிலை' என்றும் அச்சடித்திருந்தார்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும், கீழே பாடத்தின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு வீட்டில் மூன்று நாள் தையல் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் போகும் என்று அச்சடித்தவன் நினைத்திருப்பானா? அவனுக்கென்ன, அச்சடித்துவிட்டுப் போய்விட்டான்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பாதான். ஊரில் இருக்கும் ஒரே கல்லூரியில், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அமிலத்தில் அளவு பார்த்துத் தண்ணீர் சேர்ப்பதும் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் மாணவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்ப்பதுமாகவே அவர் காலம் ஓடியிருந்தது. (அமிலத்தில் தண்ணீர் என்று நான் சொன்னதைக் கேட்டால் அவர் சண்டைக்கே வந்துவிடுவார். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டுமாம். மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்குமாம்.) பேராசிரியர்கள் அவரை 'லேப்' என்று கூப்பிடுவார்கள், மாணவர்கள் 'லேப் அண்ணே' என்பார்கள், தெருவில் லேப்காரர். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மகளுக்குப் பள்ளி இறுதி மதிப்பெண் வந்த நாளிலிருந்து லேப்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வேதியியலில் பள்ளிக்கே முதல் மதிப்பெண். "வர்ற வருஷம் எம்பொண்ணு நம்ம லேப்புக்கு வர்றா" என்று வாசல் காவலாளி தொடங்கி முதல்வரின் டிரைவர் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னலோரம் இருக்கும் ஐந்தாம் மேசைதான் அவளுக்கு என்று அவரே முடிவு செய்து, ஆடுகிற ஸ்டூலை மாற்றி, இழுப்பறைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, சொட்டுகிற குழாய்க்கு வாஷரும் போட்டு வைத்துவிட்டார். பெண் இன்னும் படிவத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, குழாய்க்கு வாஷர் போட்டாயிற்று. ஆசை வந்துவிட்டால் மனுஷன் அப்படித்தான்.

மகளுக்கும் அது வெறும் மதிப்பெண் விஷயமாக இருந்ததில்லை. பதிமூன்று வயதில், நிறம் மாறும் சோதனையைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு, "ஒரு சொட்டுக்கு முன்னாடி நிறமே இல்ல, ஒரு சொட்டுக்கு அப்புறம் முழுசும் ரோஸ்னா, அந்த ஒரு சொட்டுல என்னப்பா நடக்குது?" என்று நச்சரித்தவள். அவருக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அவளே எங்கெங்கோ படித்துவிட்டு வந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு தடவை, பேராசிரியர் எழுதித் தந்த கலவைக் கணக்கில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். மறுநாள் லேப்காரர் அதைப் பணிவாகச் சொன்னபோது, பேராசிரியர் தானே கண்டுபிடித்த மாதிரி திருத்திக்கொண்டார். அது கிடக்கட்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் படிவம் வந்தது. மடங்கக் கூடாது என்று இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, முட்டையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். மகள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பேனாவால், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பி அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். டிக், கலை இளநிலையில் இருந்தது. கீழே 'வரலாறு' என்று எழுதியிருந்தது.

முதலில் கட்டம் மாறிவிட்டது என்றே நினைத்தார். "மாத்திப் போட்டுட்டியே பாப்பா" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். வரலாறு பிடித்திருக்கிறதாம். பழைய விஷயங்கள் ஏன் நடந்தன என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதிலும் நிறைய வேலை இருக்கிறதாம். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். லேப்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அன்றைக்கு அறுபது சட்டைக் காலர். அவள் தலையைத் தூக்காமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர் கொஞ்சம் தரம் தாழ்ந்துதான் போனார். வரலாறு படித்து யாருக்குப் பிறந்தநாள் கொண்டாடப் போகிறாய் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதற்கு மட்டும் மனைவி மிஷினை நிறுத்தினாள். அவர் ராத்திரி தவறாமல் பார்ப்பது எந்த ராஜாவின் கோட்டை எப்போது இடிந்தது என்கிற நிகழ்ச்சியைத்தான் என்று நினைவுபடுத்திவிட்டு மறுபடி மிதித்தாள். நியாயம்தான். வரலாறு படித்ததால் கெட்டுப்போனவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது. அவளுக்கு நிஜமாகவே அது பிடித்திருந்தால், லேப்காரர் இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கலைப் பிரிவுக் கட்டடம் வரை கொண்டுபோய் விட்டிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

ஆனால் அவருக்கு ஒன்று உறுத்தியது. செவ்வாய்க்கிழமை மறுபடி காரணம் கேட்டார். புதன்கிழமை காலை, அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது, சும்மா கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே மூன்று வாக்கியம், அதே வரிசையில், ஒரு சொல் பிசகாமல் வந்தது. இங்கேதான் இருபத்திரண்டு வருஷ அனுபவம் கைகொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் சில மாணவர்கள் சோதனையே செய்யாமல் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளை எழுதுவார்கள். எழுதும்போது மூன்று அளவையும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக எழுதிவிடுவார்கள். நிஜமாகச் செய்தவனுக்கு முதல் தடவை கை கொஞ்சம் தாண்டும். நோட்டைத் திறந்ததுமே லேப்காரருக்குத் தெரிந்துவிடும், இது உட்கார்ந்து எழுதியது என்று. மகள் சொன்னதும் உட்கார்ந்து எழுதியது.

புதன்கிழமை சாயங்காலம் தைத்த சட்டைகளைக் கடையில் கொடுக்க வேண்டியிருந்தது. மூட்டை பெரிசு. அப்பாவும் மகளும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் மூட்டையை இறக்கி வைத்தார்கள். மூட்டைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவர் எதிரே போகிற வண்டிகளைப் பார்த்தபடி, வரலாறு வேண்டுமானால் தாராளமாக எடு, ஆனால் நிஜமான காரணத்தைச் சொல்லிவிட்டு எடு என்றார். அவள் ரொம்ப நேரம் மூட்டையின் முடிச்சைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டப்பா. அம்மா என்கிட்ட குடுத்து அனுப்பினாங்க. அப்ப உங்க லேப்புல வகுப்பு நடந்துட்டிருந்துச்சு. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

அவள் என்ன பார்த்தாள் என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே மாணவர்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால் வாயைத் திறந்து கூப்பிட மாட்டார்கள். கலக்குவதற்கு வைத்திருக்கும் கண்ணாடிக் குச்சியால் பீக்கரில் தட்டுவார்கள். டிங் டிங். லேப்காரர் வருவார். யார் எப்போது ஆரம்பித்தார்களோ தெரியாது, அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருக்கு அதில் ஒரு பெருமையே உண்டு. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால்கூட எந்த மேசையில் தட்டுகிறார்கள் என்று சொல்வார். காலி பீக்கரா, பாதி நிறைந்ததா என்றும் சொல்வார். புதிதாகச் சேரும் பேராசிரியர்களிடம் இதைச் செய்துகாட்டிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறார்.

"அவங்க தட்டுறாங்க, நீ ஓடுற. இங்க தட்டுனா இங்க, அங்க தட்டுனா அங்க. ஒருத்தன் தட்டினான். நீ ஓடிப்போய் நின்ன. அவனுக்கு ஒண்ணுமே வேணாம். நீ எவ்வளவு வேகமா வர்றன்னு பக்கத்துல இருக்கறவனுக்குக் காட்டறதுக்காகத் தட்டியிருக்கான். எல்லாரும் சிரிச்சாங்க." அவள் முடிச்சை இறுக்கினாள். "நீயும் சிரிச்சப்பா."

அவருக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த மாதிரி நாட்கள் எத்தனையோ. சாப்பாட்டு டப்பா மட்டும் ஞாபகம் வந்தது. காவலாளி கொண்டுவந்து கொடுத்தார், பிள்ளைக்கு அவசரம் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

"என்னைப் பார்த்து உனக்கு வெட்கமா இருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் உடனே. பிறகு, "இருக்குப்பா. கொஞ்சம் இருக்கு" என்றாள். "உன்னைப் பார்த்து வெட்கப்படறேனேன்னு எனக்கு என்மேலயே ஆத்திரமா வருது. அதை வெச்சுக்கிட்டு மூணு வருஷம் அந்த ரூம்ல உட்கார என்னால முடியாது. வரலாறுன்னா கட்டடமே வேற."

அவருக்கு, அந்த ஓட்டத்தில்தானே உன்னைப் படிக்க வைத்தேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார். சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அவர் ஜெயித்திருப்பார், அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுந்து மூட்டையின் முனையைப் பிடித்தார். அவளும் பிடித்தாள். கடையில் சட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே, சொல்லிட்டாளா என்று கேட்டாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

படுத்தபோது அவருக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. மகள் விட்டுக்கொடுப்பது, சின்ன வயதிலிருந்து உயிராக நினைத்த பாடத்தை. அதற்குக் காரணம் அறிவு போதாததோ மதிப்பெண் போதாததோ இல்லை. காரணம் அவர். இனி அவர் என்ன செய்தாலும் அதை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் செய்ய வேண்டும். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம். நூலகத்தில் ஓர் இடம் காலி என்று பேச்சு இருந்தது. ஆனால் அவர் அந்த அறையை விட்டுப் போனால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார், அவரும் ஓடுவார், மகள் அதைப் பார்த்துக்கொண்டு படிப்பாள். அதில் என்ன சரியாகிவிடும்?

வியாழக்கிழமை காலை இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு விட்டுப்போன செய்முறை வகுப்பு. இருபத்துநான்கு பேர், பன்னிரண்டு மேசை. லேப்காரர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பொருள் வைக்கும் அறையின் சாளரப் பலகைக்குப் பின்னால் நின்றார். ஆய்வுக்கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருக்கும் பலகை அது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். டிங் டிங். எட்டாவது மேசை, காலி பீக்கர்.

கால் கிளம்பிவிட்டது. அவர் ஒன்றும் நினைக்கவில்லை, அதுவாகவே கிளம்பிவிட்டது. பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதை நிறுத்தினார். அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் கேட்டது மேசை எண்ணை, பீக்கரில் இருக்கும் தண்ணீரின் அளவை. இன்றைக்குத் தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டார். முகம் சுட்டது. மறுபடி தட்டினார்கள். இன்னொரு மேசையிலும் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நாலைந்து இடத்தில் தட்டும் சத்தம். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். வியர்த்துக் கொட்டியது, ஆனால் நின்றார்.

வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த துறைத் தலைவி எழுந்து வந்தார். லேப்காரரைவிடப் பத்து வயது இளையவர். இதே கல்லூரியில் படித்து இங்கேயே வேலைக்கு வந்தவர். கெட்டவர் இல்லை, கொஞ்சம் படபடப்பு.

"என்ன லேப், தட்டுறாங்களே, காதுல விழலையா?"

"விழுது மேடம்."

"அப்புறம் என்ன? உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் லேப்காரர். வேண்டியவர்கள் இனிமேல் இந்தப் பலகைக்கு வந்து கேட்கட்டும், கேட்டால் உடனே எடுத்துத் தருவேன், கையில் அமிலம் பட்டாலோ தீப்பிடித்தாலோ ஒரு குரல் கொடுத்தால் போதும், பறந்து வருவேன் என்றார். தட்டினால் மட்டும் வர மாட்டேன் என்றார்.

துறைத் தலைவிக்குப் புரியவில்லை. காலங்காலமாக இருக்கிற வழக்கம்தானே இது, நாங்கள் படிக்கும்போதும் தட்டினோமே என்றார்.

"ஆமா மேடம். நீங்க மூணாவது மேசை. ரெண்டு தட்டு தட்டிட்டு, ஒரு நொடி விட்டு இன்னொண்ணு தட்டுவீங்க."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஞாபகம் இருந்தது, சொன்னார், அவ்வளவுதான். ஆனால் துறைத் தலைவியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து மூடினார். மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அதெல்லாம் அவ்வளவு சுலபமாக வருமா? திரும்பி நடந்து, ஆய்வுக்கூடத்து நடுவில் நின்று, பொருள் வேண்டியவர்கள் பலகைக்குப் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், கூட்டம் போடக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, நான் சொல்கிறேன் அதனால் என்றார்.

அப்படியும் இரண்டு பேர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார்கள். தட்டித் தட்டி ஒருவனுடைய பீக்கரில் விரிசல் விழுந்தது. அதை மாற்ற அவன் பலகைக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. மதியத்துக்குள் அறை அமைதியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த அமைதி லேப்காரருக்கு முதலில் நன்றாகவே இல்லை. எந்த மேசையில் யார் திணறுகிறார்கள் என்று தெரியாமல், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. சும்மா நிற்கும் கால்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் சேர்க்கைப் பிரிவுக்குப் போனார். அங்கே இருக்கும் எழுத்தர் அவருடைய கூட்டாளி. எதைக் கொடுத்தாலும் படிக்கும் முன்பே முத்திரை குத்திவிடுவார் என்பதால் கல்லூரியில் அவருக்கு முத்திரை என்றே பெயர். முத்திரை இவரைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து வெளியில் வைத்தார். காலையிலேயே மகள் வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம். கலை, வரலாறு.

"மத்த படிவக் கட்டுல சேர்க்காம எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் முத்திரை. "ஊரெல்லாம் அறிவியல்னு சொல்லிட்டுத் திரிஞ்ச, இங்க வரலாறுன்னு போட்டிருக்கு. பிள்ளை ஏதோ கோபத்துல போட்டிருக்கும். ஒரு அடி அடிச்சு இந்தக் கட்டத்துல ஒரு டிக். அரை நிமிஷ வேலை. ஒருத்தருக்கும் தெரியாது." பேனாவைத் திறந்து அவரிடமே நீட்டினார்.

லேப்காரர் பேனாவைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். ஆசையாக இல்லை என்று சொன்னால் அது பொய். கை நீண்டும் விட்டது. அவளுக்கு நல்லதுதானே, நாளைக்கு அவளே சந்தோஷப்படுவாள் என்றெல்லாம் மனசு வக்காலத்து வாங்கியது. ஆனால் எத்தனை வருஷம் எத்தனை பேருக்கு அவர் சொல்லியிருக்கிறார், அளவு பார்த்தவன்தான் அளவை எழுத வேண்டும், பக்கத்து மேசைக்காரன் எழுதக் கூடாது என்று. கையை மடக்கிக்கொண்டார்.

"அவ எழுதினது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கட்டுல சேர்க்காம வெச்சிரு, அது போதும்."

வீட்டுக்குப் போய் மகளிடம் நடந்ததைச் சொன்னார். நீட்டி முழக்கவில்லை. இன்றைக்குத் தட்டுவது நின்றுவிட்டது, இனிமேல் பலகைக்கு வந்து கேட்பார்கள் என்றார். படிவம் முத்திரையின் இழுப்பறையில் இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது, மாற்றாவிட்டாலும் தனக்கு வருத்தமில்லை என்றார். கடைசியாகச் சொன்னது பொய். மகளுக்கும் அது பொய் என்று தெரியும்.

"எனக்காகவாப்பா நிறுத்தின?"

"உனக்காகன்னுதான் ஆரம்பிச்சேன்" என்றார் லேப்காரர். "அப்புறம் காதுல விழுந்துச்சு பாப்பா. விழுந்ததுக்கு அப்புறம் என்னாலயே ஓட முடியல."

அவள் அம்மாவின் மிஷின் பக்கம் போய் உட்கார்ந்து, தைத்த சட்டைகளில் தொங்கும் நூலையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை லேப்காரர் சேர்க்கைப் பிரிவுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஏற்கெனவே கழுவிய குடுவைகளையெல்லாம் இன்னொரு தடவை கழுவினார். சாயங்காலம் கதவைத் திறந்ததும் மனைவிதான் சொன்னாள், மாத்திட்டு வந்துட்டா என்று. மகள் தானே அடித்து, தானே டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாளாம். அன்றைக்கு முத்திரை முத்திரை குத்துவதற்கு முன்னால் படித்துப் பார்த்தாராம். அது ஓர் அதிசயம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் நீங்களும் அவசரக்காரர்தான். தட்டுவது நின்றது. வெட்கம் நின்றதா? அதை யார் போய்ப் பார்ப்பது? வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருந்தது. வகுப்புக்கு முதல் நாள் அவர் மகளிடம், லேப்பில் நீ என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி லேப் அண்ணே என்றே கூப்பிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றார். இதைச் சொல்ல மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தார். அவள் காலையில் அவருக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள்.

முதலாம் ஆண்டு, முதல் செய்முறை வகுப்பு. முப்பது பேர், புது அங்கி, பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத வயசு. பழைய மாணவர்களுக்குச் சொன்னதையே துறைத் தலைவி இவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போனார். இவர்களுக்கு வேறு வழக்கம் எதுவும் தெரியாது. பலகைக்கு முன்னால் வரிசை நின்றது. லேப்காரர் தலையைக் குனிந்தபடி, கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தால் அவள் எங்கே நிற்கிறாள் என்று கண் தேடிவிடும். தேடினால் அவளுக்குச் சங்கடம். அதனால் பலகையை மட்டும் பார்த்தார். பலகைக்கு மேல் ஒவ்வொரு கையாக வந்தது, வாங்கிக்கொண்டு போனது.

ஒரு கை வந்தது. ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்பு, அம்மாவுக்குக் காலர் மடித்துக் கொடுத்ததில் வந்தது. அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நிமிரவில்லை. என்ன வேணும் என்று எல்லோரிடமும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"அப்பா, எனக்கு ஒரு பிப்பெட்" என்றாள் அவள்.

மெதுவாகச் சொல்லவில்லை. வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னாள். வரிசையில் பேச்சு நின்றது. பின்னால் நின்றிருந்த பையன் எட்டிப் பார்த்து, உங்க அப்பாவா என்று கேட்டான்.

"ஆமா. எங்கப்பாதான்" என்றாள். காது மடல் ரெண்டும் சிவந்துபோயிருந்தது, ஆனால் தலையைக் குனியவில்லை.

லேப்காரர் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிப்பெட்டுகள் அவர் கண்ணுக்கு நேராகத் தாங்கியில் வரிசையாக நின்றன, காலையில் அவரே அடுக்கியவை. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், அப்போதும் தெரியவில்லை. மேல் தட்டில் கையைவிட்டுத் துழாவினார்.

"மெதுவாத் தேடி எடுங்க, அவசரம் ஒண்ணுமில்ல" என்றான் பின்னால் நின்ற பையன்.